சாக்கடையில் கலக்கும் முன்பே தொடங்க வேண்டிய நீர்ச் சுழற்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீர் மேலாண்மையில் சுழற்சிப் பொருளாதாரம் என்ற கருத்து அண்மைக் காலமாகச் செய்திகளிலும் அரசுகளின் திட்ட அறிக்கைகளிலும் அடிக்கடி இடம்பெறுகிறது. பயன்படுத்திய நீரை மீட்டு மீண்டும் பயன்படுத்துவது, அதிலுள்ள சத்துகளையும் ஆற்றலையும் பிரித்தெடுப்பது என்று அதன் நோக்கம் சரியாகவே விளக்கப்படுகிறது. ஆனால் அச்செய்திகளில் பெரும்பாலானவை புதிய சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவையும் அதற்கான செலவையும் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. அந்த நிலையத்துக்கு வந்து சேரும் கழிவுநீரில் என்னென்ன கலந்திருக்கின்றன, அவற்றைக் கலந்தவர் யார், அவருக்கு என்ன பொறுப்பு என்ற கேள்விகள் எழுவது அரிதாக இருக்கிறது. நீர்ச் சுழற்சியின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பவை இந்தக் கேள்விகளே என்பது, கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் துறையில் நீண்ட காலம் பணியாற்றிய எனது உறுதியான கருத்து.

உலகின் பெரும்பகுதியில் நீர் இன்றும் ஒருவழிப் பாதையிலேயே செல்கிறது. ஆற்றிலிருந்தோ ஏரியிலிருந்தோ நிலத்தடியிலிருந்தோ எடுத்து, சுத்தம் செய்து, குழாயில் அனுப்பி, ஒருமுறை பயன்படுத்தியதும் அழுக்கோடு சேர்த்து வெளியே தள்ளிவிடுகிறோம். உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தையும் ஐ.நா. பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுதோறும் உருவாகும் கழிவுநீர் ஏறத்தாழ 35,900 கோடி கனமீட்டர். அதில் 48 சதவீதம் சுத்திகரிக்கப்படாமலேயே வெளியேறுகிறது. திட்டமிட்டு மறுபயன்பாட்டுக்குச் செல்வது 11 சதவீதம் மட்டுமே. மீதமுள்ள நீரை எவரும் பயன்படுத்துவதில்லை என்று எண்ணிவிடக் கூடாது. மேல்பகுதி நகரம் ஆற்றில் விட்ட கழிவைத்தான் கீழ்ப்பகுதி விவசாயி வயலுக்குப் பாய்ச்சுகிறார். அடுத்த நகரத்தின் குடிநீர் நிலையமும் அதே ஆற்றிலிருந்துதான் நீரை எடுக்கிறது. ஆகவே மறுபயன்பாடு ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. எவருடைய கண்காணிப்பும் இல்லாமல், அதன் தீங்கை ஏழைகளே சுமக்கும்படி நடக்கிறது என்பதே என் கவலை.

இதற்கு மாற்றாக என்ன செய்யலாம் என்பதற்கு நமீபியாவின் தலைநகரான விண்ட்ஹூக் அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சான்றாக நிற்கிறது. வறண்ட உள்நாட்டுப் பகுதியில் அமைந்த அந்நகரத்துக்கு அருகில் வற்றாத ஆறு கிடையாது. கடலும் வெகு தொலைவில் இருக்கிறது. 1968-இல் கோரியங்காப் என்னுமிடத்தில் ஒரு நிலையத்தை அமைத்து, வீட்டுக் கழிவுநீரைக் குடிநீர்த் தரத்துக்கு உயர்த்தி, நேரடியாக நகரின் குழாய்களில் சேர்த்தார்கள். உலகில் இதுவே முதல் முயற்சி. 2002-இல் தொடங்கிய புதிய நிலையம் நாளொன்றுக்கு 2.1 கோடி லிட்டர் நீரைத் தரக்கூடியது. ஓசோன், மணல் வடிகட்டி, மாசுகளை ஈர்த்துப் பிடிக்கும் கிளர்வூட்டிய கரி, மிக நுண்ணிய துளைகள் கொண்ட சவ்வு, குளோரின் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பல தடுப்புகளை அந்நீர் கடந்துவருகிறது. ஒரு தடுப்பு தவறினாலும் அடுத்தது காக்க வேண்டும் என்பதே அந்த அமைப்பின் அடிப்படை.

விண்ட்ஹூக்கைப் பற்றி எழுதுவோர் இந்தத் தொழில்நுட்ப வரிசையை வியந்து பாராட்டுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. தொழிற்சாலைக் கழிவுநீரைத் தனிக் குழாயில் பிரித்து, வேறொரு சுத்திகரிப்பு வழிக்கு அனுப்பிவிட வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்ததுதான் அது. குடிநீராக மாறவிருக்கும் வழியில் பெரும்பாலும் வீட்டுக் கழிவுநீர் மட்டுமே நுழைகிறது. வீட்டுக் கழிவுநீரில் இருக்கும் கிருமிகளையும் மக்கும் பொருள்களையும் எவ்வாறு அகற்றுவது என்பது நூறாண்டுக்கும் மேலாக நன்கு அறிந்த கலை. காற்றை ஊதி வளர்க்கும் நுண்ணுயிர்களைக் கொண்டு அழுக்கைச் சிதைத்து, அதைக் கசடாக, அதாவது சேறாகப் படியவைக்கும் முறை 1914-இல் மான்செஸ்டரில் விளக்கிக்காட்டப்பட்டது; அந்தக் கிளர்வூட்டிய கசடு முறைதான் இன்றும் பெரும்பாலான நிலையங்களின் அடித்தளம். அந்த முறைக்குப் பழக்கமில்லாத நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்களை அதே குழாயில் ஊற்றிவிட்டு, கடைசியில் ஒரு விலையுயர்ந்த இயந்திரத்தால் எல்லாவற்றையும் பிடித்துவிடலாம் என்று நம்புவது பொறியியல் நியாயத்துக்கு ஒவ்வாதது.

இந்த நம்பிக்கை எங்கே உடைகிறது என்பதை கலிபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்ட அனுபவம் காட்டியது. நிலத்தடி நீர்மட்டம் இறங்கி, கடல்நீர் உள்ளே ஊடுருவத் தொடங்கியபோது, அதைத் தடுக்கச் சுத்திகரித்த கழிவுநீரை நிலத்துக்குள் செலுத்தும் பணியை அம்மாவட்டம் 1970-களிலேயே தொடங்கிவிட்டது. 2008-இல் விரிவுபடுத்தப்பட்ட அத்திட்டம், 2023 முதல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 49 கோடி லிட்டர் நீரைத் தயாரிக்கும் திறன் பெற்றிருக்கிறது. இவ்வகையில் உலகின் மிகப் பெரிய நிலையம் இதுதான். எதிர்ச் சவ்வூடு பரவல் என்னும் முறையில் உப்பையும் வைரஸையும்கூடத் தடுக்கும் சவ்வுகளை அங்கே பயன்படுத்துகிறார்கள். இருப்பினும் 1,4-டையாக்சேன் என்ற கரைப்பான் அந்தச் சவ்வுகளைத் தாண்டி வந்திருப்பது இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தெரியவந்தது. மிகச் சிறிய, மின்னேற்றம் இல்லாத மூலக்கூறுகளைச் சவ்வு முழுமையாக நிறுத்துவதில்லை. புற ஊதாக் கதிரோடு ஹைட்ரஜன் பெராக்சைடையும் சேர்த்து அதைச் சிதைக்கும் கட்டம் கூடுதலாக அமைக்கப்பட்டது. அதோடு நிற்காமல், சாக்கடைக் குழாய்களின் வழியே பின்னோக்கித் தேடி, அப்பொருளை வெளியேற்றிய தொழிற்கூடத்தைக் கண்டறிந்து நிறுத்தச் செய்தார்கள். அந்தத் தேடலுக்கான ஆட்களும் ஆய்வகமும் சட்ட அதிகாரமும் அவர்களிடம் இருந்தன. இவை இல்லாத இடத்தில் அதே இயந்திரங்களை வாங்கி நிறுத்துவதால் அதே பாதுகாப்பு வந்துவிடாது.

கழிவுநீரை மீட்பதற்கு ஆகும் ஆற்றல் பற்றியும் ஒரு சொல். கழிவுநீரில் 99 சதவீதத்துக்கு மேல் வெறும் நீர்தான். கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. வீட்டுக் கழிவுநீரில் பெரும்பாலும் ஒரு கிராமுக்கும் குறைவு. சவ்வின் வழியே நீரைத் தள்ள எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை இந்த வேறுபாடே முடிவு செய்கிறது. கடல்நீரைக் குடிநீராக்கக் கனமீட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் தேவைப்படும்போது, ஏற்கெனவே சுத்திகரித்த கழிவுநீரை அதே தரத்துக்கு உயர்த்த அதில் பாதிக்கும் குறைவாகவே ஆகும். கடற்கரை நகரங்கள் பயன்படுத்திய நீரைக் கடலில் விட்டுவிட்டு, அதன் அருகிலேயே கடல்நீரை உறிஞ்சி உப்பு நீக்குவது எனக்கு வேதனையளிக்கிறது.

எல்லா நீரையும் குடிநீராக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. கழிவுநீரைச் சுத்திகரித்துச் சிங்கப்பூர் தயாரிக்கும் 'நியூவாட்டர்' அந்நாட்டின் நீர்த்தேவையில் 40 சதவீதம் வரை நிறைவுசெய்யும் திறன் கொண்டது. அதில் பெரும்பகுதி சிலிக்கான் சில்லு ஆலைகளுக்கும் குளிரூட்டும் கோபுரங்களுக்கும் செல்கிறது, வறட்சிக் காலத்தில் ஒரு பங்கு நீர்த்தேக்கங்களில் சேர்க்கப்படுகிறது. இஸ்ரேல் தன் கழிவுநீரில் ஏறத்தாழ 90 சதவீதத்தை விவசாயத்துக்குத் திருப்புகிறது. உலகில் எடுக்கப்படும் நன்னீரில் 70 சதவீதம் விவசாயத்துக்கே செல்வதால், மறுபயன்பாட்டின் பெரும்பங்கும் வயலில்தான் நடக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் இயற்றி 2023 ஜூன் முதல் நடைமுறைப்படுத்தியுள்ள விதிமுறை, பாசன நீரை நான்கு தரங்களாகப் பிரித்து, பச்சையாக உண்ணும் பயிருக்கு ஒரு தரமும், எரிபொருளுக்காக வளர்க்கும் பயிருக்கு வேறு தரமும் வகுத்திருப்பது அறிவார்ந்த அணுகுமுறை.

ஆனால் வயலுக்குப் போகும் நீரில் கிருமிகளை மட்டும் பார்த்தால் போதாது. ஒருமுறை வீடுகளின் வழியே சென்றுவரும் நீரில் லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் உப்பு கூடிவிடுகிறது. சமையலிலிருந்தும் சிறுநீரிலிருந்தும் சலவைத்தூளிலிருந்தும் கடினநீரை மென்மையாக்கும் கருவிகளிலிருந்தும் அது வருகிறது. வழக்கமான சுத்திகரிப்பு இந்த உப்பைத் தொடுவதே இல்லை. சோடியம் மிகுந்த நீரைத் தொடர்ந்து பாய்ச்சினால் களிமண் நிலம் தன் கட்டமைப்பை இழக்கிறது. மேல்மண் இறுகி, மழை பெய்தாலும் நீர் உள்ளே இறங்காமல் தேங்குகிறது. முதல் சில ஆண்டுகளில் விளைச்சல் கூடியதைப் பார்த்து மகிழும் விவசாயிக்கு இந்தக் கேடு பின்னரே தெரியவரும். அப்போது அதைச் சரிசெய்ய அவரால் இயலாது. சுழற்சி நெருக்கமாகும் தோறும் உப்பும் சேர்ந்துகொண்டே போகும் என்பதைத் திட்ட அறிக்கைகள் போதிய அழுத்தத்தோடு சொல்வதில்லை.

இதற்கும் தீர்வு மூலத்தில்தான் இருக்கிறது. பாசனத்துக்குத் திருப்பிய கழிவுநீரில் போரான் மிகுந்து பயிர்களைப் பாதிப்பதைக் கண்ட இஸ்ரேல், சலவைத்தூள் தயாரிப்பில் சேர்க்கும் போரானுக்கே வரம்பு விதித்தது. கலிபோர்னியாவின் சாண்டா கிளாரிட்டா பள்ளத்தாக்கில், உப்பைப் பயன்படுத்தும் நீர் மென்மையாக்கிக் கருவிகளை வீடுகளிலிருந்து அகற்றும் சட்டத்துக்கு மக்கள் 2008-இல் வாக்களித்து ஒப்புதல் அளித்தார்கள். அந்த உப்பிலிருந்து வரும் குளோரைடை நிலையத்தில் அகற்றுவதற்கு ஆகும் செலவை எல்லோரும் சுமப்பதைவிட, அது உள்ளே வராமல் தடுப்பது மேல் என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். உண்மையை முன்கூட்டியே எடுத்துச் சொன்னால் மக்கள் செவிமடுப்பார்கள். அதற்கு மாறாக, ஆஸ்திரேலியாவின் டூவூம்பா நகரில் மறுசுழற்சிக் குடிநீர்த் திட்டம் 2006-இல் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஏறத்தாழ 62 சதவீதத்தினர் எதிர்த்து வாக்களித்தார்கள். அதை மக்களின் அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. ஒரு திட்டத்தை உருவாக்கும்போதே மக்களைச் சேர்த்துக்கொள்ளாமல், முடிவெடுத்த பிறகு சம்மதம் கேட்டால் அச்சமே முந்திக்கொள்ளும் என்பதை அதிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

நீரோடு சேர்ந்து போகும் சத்துகளின் கதை இன்னும் வருந்தத்தக்கது. பாஸ்பரஸ் என்ற தனிமத்தை ஹாம்பர்க் நகரின் ஹென்னிக் பிராண்ட் 1669-இல் முதன்முதலாகப் பிரித்தெடுத்தது மனிதச் சிறுநீரிலிருந்துதான். இன்றோ அந்தச் சிறுநீரைக் கழிவாகக் கொட்டிவிட்டு, பாறையைத் தோண்டி உரம் தயாரிக்கிறோம். அந்தப் பாறையின் அறியப்பட்ட இருப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் மொராக்கோவிலும் மேற்குச் சஹாராவிலும் இருக்கிறது. பாஸ்பரஸ் இல்லாமல் எந்தப் பயிரும் வளராது. அதற்கு மாற்றும் கிடையாது.

சுத்திகரிப்பு நிலையத்தில் பணியாற்றிய எவருக்கும் இந்தப் பாஸ்பரஸை நேரில் தெரியும். கசடைக் காற்றில்லாமல் நுண்ணுயிர்கள் சிதைக்கும் செரிமானத் தொட்டியிலிருந்து வெளிவரும் குழாய்களில், குறிப்பாக வளைவுகளிலும் பம்புகளின் உட்புறத்திலும், வெள்ளை நிறத்தில் கடினமான படிகங்கள் ஒட்டிக்கொள்ளும். கரைந்திருந்த கரியமில வாயு வெளியேறி நீரின் காரத்தன்மை கூடும் இடங்களில் மெக்னீசியமும் அம்மோனியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து ஸ்ட்ரூவைட் என்ற உப்பாகப் படிவதே இது. கவனிக்காமல் விட்டால் குழாயின் உள்விட்டம் நாளுக்கு நாள் சுருங்கி, கடைசியில் கசடு நகர்வதே நின்றுவிடும். அப்போது அமிலம் ஊற்றிக் கரைப்பார்கள், அல்லது குழாயைக் கழற்றி உளியால் செதுக்கி எடுப்பார்கள், செதுக்கியதைக் குப்பையில் போடுவார்கள். குப்பைக்குப் போகும் அந்தப் படிகம், மண்ணில் மெதுவாகக் கரைந்து பயிருக்குச் சத்தளிக்கும் முதல்தர உரம். அதைக் குழாயில் படியவிடாமல், தனிக் கலத்தில் மெக்னீசியம் சேர்த்துப் படியவைத்து, மணிகளாகத் திரட்டி எடுக்கும் முறை பல நாடுகளில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஜெர்மனி 2017-இல் திருத்திய கசடுச் சட்டத்தின் மூலம், பெரிய நிலையங்கள் 2029 முதல் பாஸ்பரஸை மீட்டாக வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறது.

நைட்ரஜனைக் கையாளும் விதத்தில் இதைவிடப் பெரிய வீண்செலவு இருக்கிறது. உலகின் மொத்த ஆற்றலில் ஒன்று முதல் இரண்டு சதவீதத்தைச் செலவிட்டு, காற்றிலுள்ள நைட்ரஜனை ஆலைகளில் அம்மோனியாவாக்கி உரம் தயாரிக்கிறோம். அது பயிராகி, உணவாகி, நம் உடல் வழியே கழிவுநீரை அடைகிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் மீண்டும் மின்சாரம் செலவிட்டு, தொட்டிகளில் காற்றை ஊதி, நுண்ணுயிர்களின் உதவியால் அதே நைட்ரஜனைக் காற்றுக்கே திருப்பியனுப்புகிறோம். ஒரு நிலையத்தின் மின்செலவில் ஏறத்தாழ பாதி இந்தக் காற்றூட்டலுக்கே ஆகிறது. இடையில் சிறிதளவு நைட்ரஸ் ஆக்சைடு கசிகிறது. எடைக்கு எடை பார்த்தால் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு புவியை வெப்பப்படுத்தக் கூடியது.

வீட்டுக் கழிவுநீரின் கொள்ளளவில் சிறுநீரின் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் அதிலுள்ள நைட்ரஜனில் ஏறத்தாழ 80 சதவீதமும் பாஸ்பரஸில் ஏறத்தாழ பாதியும் சிறுநீரிலிருந்து வருபவை. கழிப்பறையிலேயே அதைப் பிரித்துச் சேகரித்தால், நிலையத்தின் சுமை பெருமளவு குறையும். சுவிட்சர்லாந்தின் ஈவாக் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வுகளிலிருந்து உருவான 'ஆரின்' என்ற சிறுநீர் உரத்துக்கு, உணவுப் பயிர்களுக்கும் பயன்படுத்தலாம் என்று அந்நாட்டு வேளாண் துறை 2018-இல் அனுமதி அளித்திருக்கிறது. கட்டிய நகரங்களில் குழாய்களை மாற்றியமைப்பது கடினம் என்பதை நான் அறிவேன். புதிதாக எழும் அலுவலக வளாகங்களிலும் விடுதிகளிலும் ரயில், பேருந்து நிலையங்களிலும் தொடக்கத்திலேயே தனிக் குழாய் பதிப்பது பெரிய காரியமில்லை, அங்கிருந்தாவது தொடங்கலாம்.

கசடிலிருந்து மீத்தேன் எடுத்து மின்சாரம் தயாரிப்பது பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரிலுள்ள மார்செலிஸ்போர்க் நிலையம், தான் செலவிடுவதைவிடக் கூடுதலான ஆற்றலை உற்பத்தி செய்கிறது என்பது நல்ல முன்னுதாரணம். மீத்தேன் எடுத்தபின் எஞ்சும் கசடு எங்கே போகிறது என்பதே கடினமான கேள்வி. மண்ணுக்கு உரமாகப் போக வேண்டிய பொருள் அது. ஆனால் அமெரிக்காவின் மேய்ன் மாநிலம் 2022-இல் கசடை நிலத்தில் இடுவதற்கே தடை விதிக்க நேர்ந்தது. எண்ணெயும் நீரும் ஒட்டாத பூச்சுகளுக்குப் பயன்படும் பிஎஃப்ஏஎஸ் என்ற வேதிப்பொருள்கள் கசடில் சேர்ந்து, பண்ணைகளின் மண்ணிலும் கிணறுகளிலும் கலந்துவிட்டதுதான் காரணம். அவை எளிதில் சிதைவதில்லை. உரம் என்று நம்பிக் கசடை வாங்கி இட்ட விவசாயிகள், தாங்கள் செய்யாத பிழைக்காக நிலத்தின் பயனை இழந்தார்கள். சுழற்சி என்ற பெயரில் நஞ்சையும் சேர்த்துச் சுழலவிட்டால் நேர்வது இதுதான். இதைச் சொல்லாமல் சுழற்சிப் பொருளாதாரத்தைப் பரிந்துரைப்பதில் நேர்மை இல்லை என்று கருதுகிறேன்.

மீட்பதைப் பற்றிப் பேசும்போது, கசிவில் இழப்பதையும் மறக்கக் கூடாது. கம்போடியத் தலைநகர் நோம்பென்னில் 1993-இல் குழாயில் விட்ட நீரில் 72 சதவீதம் கணக்கில் வராமல் போனது. மீட்டர் பொருத்தியும், பழைய குழாய்களை மாற்றியும், ஊழியர்களின் பொறுப்பை வரையறுத்தும் அதை ஏறத்தாழ 6 சதவீதத்துக்குக் குறைத்தார்கள். இதற்குப் புதுமையான தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படவில்லை.

இறுதியாக, செலவை யார் ஏற்பது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் திருத்திய நகர்ப்புறக் கழிவுநீர் நெறிமுறை, மருந்து எச்சங்கள் போன்ற நுண்மாசுகளை அகற்றும் கூடுதல் சுத்திகரிப்புக் கட்டத்துக்கான செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதனப் பொருள் தயாரிப்பாளர்கள் ஏற்க வேண்டும் என்கிறது. அத்துறையினர் இதை எதிர்த்து நீதிமன்றம் சென்றிருக்கிறார்கள். தங்கள்மீது மட்டும் சுமத்துவது முறையல்ல என்ற அவர்களின் வாதத்தை நீதிமன்றம் எடைபோடட்டும். ஆயினும் மாசைக் கலந்தவரே அதை அகற்றும் செலவை ஏற்பது என்ற திசை சரியானது என்பதில் எனக்கு ஐயமில்லை. செலவு தங்கள் தலையில் விழும் என்று தெரிந்தால்தான், எளிதில் சிதையும் மாற்றுப்பொருளைத் தேட தயாரிப்பாளர்களுக்குக் காரணம் பிறக்கும். சுத்திகரிப்பு நிலையத்தை நடத்துவோருக்கான கட்டணத்தையும் இதற்கேற்ப மாற்ற வேண்டும். இத்தனை லிட்டர் சுத்திகரித்தோம் என்ற கணக்குக்கே பணம் கிடைக்கும்வரை, சுத்திகரித்த நீர் வயலுக்குப் போனதா, ஆற்றில் வீணாக விடப்பட்டதா என்பதில் அவர்களுக்கு அக்கறை வராது.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். புதிய மறுசுழற்சி நிலையம் பற்றிய செய்தியை வெளியிடும்போது, அதன் கொள்ளளவோடு, அதற்குள் வரும் கழிவுநீரின் உப்பு, கன உலோக, நுண்மாசு அளவுகளையும், அந்தக் குழாயில் கழிவை விட அனுமதி பெற்றுள்ள தொழிற்சாலைகளின் பட்டியலையும், எஞ்சும் கசடும் சவ்வுகள் ஒதுக்கித் தள்ளும் உப்புக் கரைசலும் போய்ச்சேரும் இடத்தையும் நிர்வாகத்திடம் கேட்டு வாங்கிச் சேர்த்து வெளியிட வேண்டும். இந்த விவரங்கள் பொறுப்பாக நடத்தப்படும் எந்த நிலையத்தின் அன்றாடப் பதிவேட்டிலும் இருக்கும். கேட்டும் தரவில்லையென்றால், தரவில்லை என்பதையும் செய்தியிலேயே குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் துறையில் பணியாற்றிய வாசகர்